ஜன்னலைத் தட்டுற சத்தம்: எரிக் ஹாரிசனின் கதை

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கித் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு நான் பேசப்போற ஆளோட பேர் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா அவர் வளர்த்துவிட்ட பசங்க பேரைச் சொன்னா, ஃபுட்பாலே பார்க்காத உங்க அத்தைக்குக்கூட ஒருத்தரையாவது தெரியும். பெக்கம்னு சொன்னா போதும்.

மான்செஸ்டரை ஒட்டி சால்ஃபோர்டுன்னு ஒரு ஊர். அங்க 'தி கிளிஃப்'னு ஒரு பழைய மைதானம். மான்செஸ்டர் யுனைடெட் அணி 90-கள்ல அங்கதான் டிரெய்னிங் பண்ணுச்சு. மைதானத்தைப் பார்த்த மாதிரி மாடியில ஒரு அறை, அதுல ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னாடி ஒருத்தர் நின்னு பார்த்துக்கிட்டே இருப்பார். கீழ ஆடுற பையன் ஒரு தப்பான பாஸ் போட்டா, கண்ணாடியை மேல இருந்து 'டம் டம்'னு அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டா வயிறு கலங்கும்னு பெக்கம், கேரி நெவில் எல்லாரும் பிற்பாடு சொல்லியிருக்காங்க. யாருக்காக அடிச்சார்னு மைதானத்துல இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். அப்புறமும் திருந்தலைன்னா ஆளே படியிறங்கி வந்துடுவார்.

அவர்தான் எரிக் ஹாரிசன். 'கிளாஸ் ஆஃப் 92'னு சொல்றோமே, பெக்கம், கிக்ஸ், ஸ்கோல்ஸ், நிக்கி பட், நெவில் சகோதரர்கள், அந்த செட்டுக்கு யூத் கோச்.

இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் நேரா 1992-ல ஆரம்பிப்பாங்க. நான் 1957-ல இருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கு அவர்கிட்ட பிடிச்ச விஷயமே அங்கதான் இருக்கு.

ஹாரிசன் பிறந்தது 1938-ல, யார்க்‌ஷயர்ல மைதம்ராய்ட்னு ஒரு மில் கிராமம். பக்கத்து ஊர் ஹாலிஃபாக்ஸ். 1957-ல ஹாலிஃபாக்ஸ் டவுன் அணியில ஆட ஆரம்பிச்சார். ஹாஃப் பேக், அதாவது இன்னைக்குக் கணக்குல தடுப்பு மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவுல ஒரு இடம். ஓடணும், மறிக்கணும், உயர வர்ற பந்தையெல்லாம் தலையால திருப்பி அனுப்பணும். அந்தத் தலை விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில வருவேன்.

ஹாலிஃபாக்ஸ்ல ஏழு வருஷம். அப்புறம் ஹார்ட்டில்பூல்ஸ், அப்புறம் பாரோ, அப்புறம் சவுத்போர்ட். இந்த ஊர்களை மேப்புல தேடிப் பாருங்க. பாரோ, இங்கிலாந்தோட வடமேற்குல கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற ஒரு முனையில இருக்கு. கப்பல் கட்டுற ஊர். அந்த ஊரைத் தாண்டிப் போக வேற ஊரே கிடையாது, போனா திரும்பித்தான் வரணும். மூணாவது டிவிஷன், நாலாவது டிவிஷன்னு ஆடி 500 மேட்ச்சுக்கு மேல முடிச்சார். முதல் டிவிஷன்ல ஒரு மேட்ச்கூடக் கிடையாது. அவர் ஆட வந்த காலத்துல இங்கிலாந்துல ஃபுட்பால் ஆட்டக்காரருக்குச் சம்பள உச்சவரம்பே இருந்துச்சு. 1961 வரைக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல யாருக்கும் தரக் கூடாது. நாலாவது டிவிஷன்காரர் அந்த 20-ஐயும் பார்த்திருக்கணும்னு அவசியமில்லை.

ஹார்ட்டில்பூல்ஸ்ல இருந்தப்போ, 1965-ல புதுசா ஒரு சின்ன வயசு மேனேஜர் வந்தார். பிரையன் கிளஃப். பின்னாடி நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டை வச்சு ரெண்டு ஐரோப்பியக் கோப்பை ஜெயிச்ச அதே கிளஃப்தான். ஹாரிசன் கொஞ்ச காலம் அவர்கிட்ட ஆடிட்டு பாரோவுக்குப் போயிட்டார். 1967-ல பாரோ நாலாவது டிவிஷன்ல இருந்து மூணாவதுக்கு ஏறுச்சு. அஞ்சே வருஷத்துல, 1972-ல, லீக்ல இருந்தே அந்த கிளப்பை ஓட்டுப் போட்டு வெளியேத்திட்டாங்க. அப்பல்லாம் அப்படித்தான். கடைசியா வந்த அணிகள் மத்த கிளப்புகள்கிட்ட ஓட்டுக் கேட்டு நிக்கணும்.

இதையெல்லாம் எதுக்கு இவ்வளவு இழுத்துச் சொல்றேன்னா, மேல போக முடியாத ஆட்டக்காரனோட வாழ்க்கை எப்படி இருக்கும்னு இந்த மனுஷனுக்கு உள்ளங்கை மாதிரி தெரியும். திறமை இருந்தும் ஒரு வருஷ ஒப்பந்தத்துக்குக் காத்திருக்கிறது, 30 தாண்டினதும் அடுத்து என்ன வேலைன்னு யோசிக்கிறது. மேல்மட்டத்துல ஆடிப் புகழோட ரிட்டயர் ஆன ஒருத்தர் கோச்சா வந்தா இந்தப் பயம் அவர் உடம்புல இருக்காது. ஹாரிசன் உடம்புல இருந்துச்சு. அவர் பசங்ககிட்ட காட்டின கோபத்துல பாதி இதுல இருந்து வந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன். இது என் ஊகம், அவர் சொன்னதில்லை.

ஆட்டம் முடிஞ்சதும் 70-கள்ல எவர்ட்டன்ல யூத் டீம் கோச்சானார். 1981-ல ரான் அட்கின்சன் யுனைடெட்டுக்கு மேனேஜரா வந்தப்போ ஹாரிசனையும் கூட்டிக்கிட்டார். வந்த முதல் சீசனே, 1982-ல, அவரோட பசங்க எஃப்.ஏ. யூத் கப் ஃபைனலுக்குப் போயிட்டாங்க. வாட்ஃபோர்டுகிட்ட ரெண்டு லெக்லயும் சேர்த்து 7-6. ஒரு ஃபைனல்ல 13 கோல்! தோத்துட்டாங்க. ஆனா அந்த டீம்ல இருந்த நார்மன் வொய்ட்சைடு அதே வருஷம் 17 வயசுல வட அயர்லாந்துக்காக உலகக்கோப்பை ஆடினார். அதுவரைக்கும் பெலேகிட்ட இருந்த 'மிக இளைய ஆட்டக்காரர்' ரெக்கார்டு அன்னைக்கு உடைஞ்சுது. மார்க் ஹியூஸும் அந்த டீம்தான். 1986-ல இன்னொரு ஃபைனல். அதுவும் தோல்வி, மான்செஸ்டர் சிட்டிகிட்ட.

அந்த 86 நவம்பர்லதான் அலெக்ஸ் ஃபெர்குசன் வர்றார். யூத் டீம்ல இருந்து மேல வர்ற ஆட்கள் ஏன் இவ்வளவு கம்மின்னு ஹாரிசன்கிட்ட கேட்கிறார். ஹாரிசன் பம்மலை. இருக்கிற ஸ்கவுட் சிலபேர்தான், அவங்க கொண்டுவர்றதை வச்சு இவ்வளவுதான் முடியும், நல்ல பசங்களைக் கொண்டுவாங்க, நான் செஞ்சு காட்டுறேன்னு பதில். புதுசா வந்த பாஸ்கிட்ட இப்படிப் பேச ஒரு தெம்பு வேணும். ஃபெர்குசன் கோவிச்சுக்காம ஸ்கவுட் எண்ணிக்கையைக் கூட்டினார். ரயன் கிக்ஸ் அப்போ சிட்டியோட பயிற்சிப் பள்ளியில இருந்த பையன். ஃபெர்குசன் அவன் வீட்டுக்கே போய்ப் பேசிக் கூட்டிக்கிட்டு வந்தார்.

இப்ப 92-க்கு வர்றோம். ஏப்ரல்ல ஃபைனலோட முதல் லெக், லண்டன்ல கிரிஸ்டல் பேலஸ் மைதானத்துல. 3-1. நிக்கி பட் ரெண்டு, பெக்கம் ஒண்ணு. மே மாசம் ஓல்டு டிராஃபோர்டுல 3-2. மொத்தம் 6-3. யுனைடெட் யூத் கப்பை ஜெயிச்சு 28 வருஷம் ஆகியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி ஜெயிச்சது 1964-ல, ஜார்ஜ் பெஸ்ட் ஆடினப்போ.

ஒரு சின்ன விஷயம். போஸ்டர்ல எல்லாம் பால் ஸ்கோல்ஸைச் சேர்த்துத்தான் போடுவாங்க. ஆனா அந்த 92 ஃபைனல்ல ஸ்கோல்ஸ் ஆடலை. குள்ளம், ஒல்லி, ஆஸ்துமா வேற. அடுத்த வருஷ ஃபைனல்லதான் ஆடினார், அதுல லீட்ஸ்கிட்ட தோத்தாங்க. 15, 16 வயசுல உடம்பு வளராத பையனைத் தூக்கிப் போடாம வச்சுக்கிறது அந்தக் காலத்து இங்கிலாந்துல அவ்வளவு சாதாரணமில்லை. அங்க ஆள் எடுக்கும்போது முதல்ல பார்க்கிறதே உயரமும் வேகமும்தான். வச்சுக்கிட்டதால கிடைச்சது என்னன்னு நீங்களே யூடியூபுல பார்த்துக்கங்க.

ஹாரிசன் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? பெக்கம் கதைதான் இதுல பிரபலம். பெக்கமுக்குச் சின்ன வயசுலயே 50, 60 கஜம் குறுக்கே பந்தைத் தூக்கிப் போடப் பிடிக்கும். பார்க்கவும் அழகா இருக்கும். ஹாரிசன் அதுக்கு வச்ச பேர் 'ஹாலிவுட் பாஸ்'. சினிமாத்தனமா இருக்குன்னு கிண்டல். பக்கத்துல நிக்கிறவனுக்குத் தரவேண்டிய பந்தை எதுக்குடா அந்தக் கோடிக்குத் தூக்குறன்னு கத்துவார். நீளமான பாஸே கூடாதுங்கிறது அவர் கட்சி இல்லை. அதைப் போட வேண்டிய நேரத்துல போடு, கைதட்டலுக்குப் போடாதே, அவ்வளவுதான். பெக்கம் கடைசி வரைக்கும் அந்த பாஸை விடலை. ஆனா எப்பப் போடணும்னு கத்துக்கிட்டார்.

அதோட, யூத் டீம் பசங்கதான் சீனியர்களோட பூட்ஸைத் துடைக்கணும், டிரெஸ்ஸிங் ரூமைக் கூட்டணும். சனிக்கிழமை லங்காஷயர் லீக்ல ஏ டீம், பி டீம்னு மேட்ச். அதுக்கு மேல ஜன்னல் சத்தம். கேட்டா ராணுவம் மாதிரிதான் இருக்கு. இன்னைக்கு ஒரு அகாடமியில ஒரு கோச் அப்படிக் கத்தினா மறுநாளே ஏதாவது அப்பா அம்மா புகார் கொடுத்திருப்பாங்க. கொடுக்கட்டும், நான் அந்தப் புகார்க்காரங்க பக்கம்தான். பயத்துல ஆடி ஜெயிச்ச ஆறு பேர் பேட்டி கொடுப்பாங்க. அதே பயத்துல ஆட்டத்தையே விட்டுட்டுப் போனவனை யாரும் மைக் முன்னாடி உட்கார வைக்கிறதில்லை. ஆனா ஹாரிசன்கிட்ட ஆடினவங்க ஒண்ணு சேர்த்துச் சொல்றாங்க: திட்டினா அதோட முடிஞ்சுது, மனசுல வச்சுக்க மாட்டார், நல்லா ஆடினா அதையும் முகத்துக்கு நேரா சொல்லுவார். பெக்கம் அளவுக்குப் பேர் எடுத்தவங்க, 20 வருஷம் கழிச்சும் அவரைத் தேடிப் போய்ப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

மேல வராதவங்க கதையையும் சொல்லணும். அதே 92 டீம்ல லெஃப்ட் பேக்கா ஆடின ஜார்ஜ் ஸ்விட்சருக்கு யுனைடெட் ஃபர்ஸ்ட் டீம்ல ஒரு மேட்ச்கூடக் கிடைக்கலை. பென் தார்ன்லின்னு ஒரு விங்கர், கிக்ஸுக்கு இணையா பேசப்பட்டவர். 1994-ல ஒரு ரிசர்வ் மேட்ச்ல முழங்கால் போச்சு. அப்புறம் பழைய வேகம் திரும்பவே இல்லை. கிறிஸ் காஸ்பருக்கு 90-கள் கடைசியில கால் உடைஞ்சது, அதோட ஆட்டமே முடிஞ்சது. கீத் கில்லெஸ்பியை 1995-ல ஆண்டி கோலை வாங்கிறதுக்காகப் பணத்தோட சேர்த்து நியூகாஸிலுக்குக் கொடுத்துட்டாங்க. ராபி சாவேஜை யுனைடெட் வெளியே அனுப்பிடுச்சு. அவர் க்ரூன்னு ஒரு சின்ன கிளப்புல போய் முதல்ல இருந்து ஆரம்பிச்சு, வேல்ஸுக்கு 39 மேட்ச் ஆடினார்.

1995 ஆகஸ்ட். சீசனோட முதல் மேட்ச், ஆஸ்டன் வில்லாகிட்ட 3-1 தோல்வி. அன்னைக்கு ராத்திரி பி.பி.சி.யில ஆலன் ஹான்சன், சின்னப் பசங்களை வச்சுக்கிட்டு எதையும் ஜெயிக்க முடியாதுன்னு சொன்னது மீம் இல்லாத காலத்து மீம். அந்த சீசன் அந்தப் பசங்க லீக், எஃப்.ஏ. கப் ரெண்டையும் எடுத்தாங்க. 1999 கதை உங்களுக்குத் தெரியும், அதை விட்டுடறேன்.

1998-ல ஹாரிசன் யூத் கோச் பொறுப்பை விட்டார். அடுத்து மார்க் ஹியூஸ் வேல்ஸ் மேனேஜர் ஆனப்போ பழைய வாத்தியாரைத் துணைக்குச் சேர்த்துக்கிட்டார். 2002-ல கார்டிஃப்ல வேல்ஸ் இத்தாலியை 2-1 ஜெயிச்சது. மைதானத்துக்குள்ள கிக்ஸும் சாவேஜும். ஒருத்தன் அவர் தக்கவச்ச பையன், இன்னொருத்தன் கிளப் அனுப்பிட்ட பையன்.

இப்ப தலை விஷயம்.

2014-ல ஹாரிசனுக்கு டிமென்ஷியான்னு கண்டுபிடிச்சாங்க. வருஷக்கணக்கா பந்தைத் தலையால அடிச்சதுதான் காரணம்னு அவர் குடும்பம் வெளிப்படையாவே சொன்னது. ஒரு தனி ஆளுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு நிரூபிக்கிறது லேசில்லை. ஆனா அவர் தனி ஆளா இருக்கலை, அதுதான் பிரச்சினை.

அதே கிளிஃப்ல, அதே பசங்களுக்கு, 1989-ல இருந்து 93 வரைக்கும் இன்னொரு கோச்சும் இருந்தார். நாபி ஸ்டைல்ஸ். 1966-ல உலகக்கோப்பை ஜெயிச்ச இங்கிலாந்து டீம்ல ஆடினவர். பல் இல்லாத வாயோட கோப்பையை வச்சுக்கிட்டு மைதானத்துல குதிச்சு ஆடினாரே, அவர்தான். 2010-ல தன்னோட மெடல்களை அவர் ஏலத்துல வித்தார். உலகக்கோப்பை மெடலை 1,60,000 பவுண்டுக்கு வாங்கினது மான்செஸ்டர் யுனைடெட். அவருக்கும் டிமென்ஷியா வந்துச்சு. 2020-ல இறந்தார். குடும்பம் அவர் மூளையை ஆய்வுக்குக் கொடுத்தது. தலையில திரும்பத் திரும்ப விழுற அடியால வர்ற சி.டி.இ.ங்கிற பாதிப்பு அதுல இருந்ததுன்னு தெரிஞ்சது.

ஒருத்தர் உலகக்கோப்பை ஜெயிச்சவர். இன்னொருத்தர் பாரோவுக்கும் சவுத்போர்ட்டுக்கும் ஆடினவர். ஒரே மைதானத்துல ஒரே பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ரெண்டு பேருக்கும் டிமென்ஷியா. 66 டீம்ல ஸ்டைல்ஸ் மட்டுமில்லை. ஜாக் சார்ல்டன், மார்ட்டின் பீட்டர்ஸ், ரே வில்சன், கடைசியில பாபி சார்ல்டன். எல்லாருக்கும் இதே நோய்.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. ஜெஃப் ஆஸ்டில்னு வெஸ்ட் பிராம்விச் அணியோட ஸ்ட்ரைக்கர், ஹெடருக்குப் பேர்போனவர், 2002-ல 59 வயசுல இறந்தார். விசாரணை அதிகாரி கொடுத்த தீர்ப்பு: 'தொழில்சார் நோய்'. சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் போற மாதிரி, ஃபுட்பால்காரருக்கு மூளை. அதுக்கப்புறம் பெரிய அளவுல ஒரு ஆய்வு வர 17 வருஷம் ஆச்சு. 2019 அக்டோபர்ல கிளாஸ்கோவுல டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் குழு வெளியிட்டது. ஸ்காட்லாந்தோட 7,676 பழைய தொழில்முறை ஆட்டக்காரர்களோட பதிவுகளை எடுத்து, அதே வயசு மத்த ஆட்களோட ஒப்பிட்டாங்க. மூளை நரம்புச் சிதைவு நோய்ல இறக்கிற வாய்ப்பு ஆட்டக்காரருக்கு மூன்றரை மடங்கு. 2021-ல அதே குழு இடத்தைப் பிரிச்சுப் பார்த்தது. டிஃபெண்டருக்குக் கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. தலையால பந்தை அடிக்கிற வேலையே பெரும்பாலும் இல்லாத கோல்கீப்பருக்கு, சாதாரண ஆட்கள் அளவுதான்.

உடனே சிலபேர் சொல்லுவாங்க: அது பழைய தோல் பந்து, மழையில ஊறிக் கல்லு மாதிரி இருந்துச்சு, இப்ப பந்து லேசு. தோல் பந்து தண்ணி குடிச்சது உண்மை. ஆனா காய்ஞ்ச பந்தோட எடை அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான், 410-ல இருந்து 450 கிராம். இன்னைக்குப் பந்து ஊறாது, அதனால இன்னும் வேகமா வரும். வேகமும் சேர்ந்துதானே அடி.

இந்த ஆய்வு வந்ததை ஹாரிசன் பார்க்கலை. 2018 புத்தாண்டு கௌரவப் பட்டியல்ல அவருக்கு எம்.பி.இ. கிடைச்சது. 2019 பிப்ரவரி 13-ல இறந்தார், வயசு 81. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2020 பிப்ரவரியில, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துல ஆரம்பப் பள்ளி வயசுக் குழந்தைகளுக்கு டிரெய்னிங்ல ஹெடிங் கூடாதுன்னு வழிகாட்டுதல் வந்தது. அடுத்த வருஷம் பெரியவங்களுக்கும்: வேகமான ஹெடர் வாரத்துக்குப் பத்துக்கு மேல டிரெய்னிங்ல வேண்டாம். இப்ப இங்கிலாந்துல 11 வயசு வரைக்கும் மேட்ச்லயே ஹெடிங்கைப் படிப்படியா எடுக்கிறாங்க. வீக்கெண்டுல டர்ஃப்ல சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவங்க நம்ம லிஸனர்ஸ்ல சிலபேர் இருக்கீங்க. பந்தைத் தூக்கிப் போட்டு 'தலையால அடி'ன்னு வரிசையா நிக்க வைக்கிற பழக்கம் இருந்தா, நாளைக்கே நிறுத்திடுங்க. தலைக்குப் பதிலா நெஞ்சால பந்தை எடுக்கச் சொல்லிக்கொடுங்க.

கடைசியா ஒண்ணு. 2014-ல கிக்ஸ், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் சேர்ந்து ஒரு கிளப்பை வாங்கினாங்க. சால்ஃபோர்டு சிட்டி. கிளிஃப் இருக்கிற அதே ஊர். 2019 ஜனவரியில பெக்கமும் சேர்ந்தார். அடுத்த மாசம் ஹாரிசன் இறந்தார். அந்த மே மாசம் சால்ஃபோர்டு முதல்முறையா லீக்குக்குள்ள வந்துச்சு, நாலாவது டிவிஷனுக்கு. உலகத்துல எல்லாத்தையும் ஜெயிச்சிட்டு வந்தவங்க, வாத்தியார் ஆடின மட்டத்துல வந்து நின்னாங்க. 2020-ல, 48 வருஷம் வெளியில இருந்த பாரோவும் திரும்ப லீக்குக்கு ஏறி வந்துச்சு. அந்த சீசன் சால்ஃபோர்டும் பாரோவும் ஒரே டிவிஷன்ல மோதினாங்க.